ஞாயில்

பன்னிரண்டு கருவிகள் செருகிய இரும்புத் தலை.
டரெட் என்போம் பட்டறையில்.
ஒன்று துளைக்கும், ஒன்று மரை வெட்டும்,
ஒன்று மாங்காய்த் தோல்போல் அலுமினியத்தை உரிக்கும்.
ஏழாம் இடம் காலி.
நான் சேர்ந்த நாளிலிருந்தே காலி.
ஏனென்று கேட்டால் மேற்பார்வையாளர் இயோ
தோளைக் குலுக்குவார்.

பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்டு.
அது ஒரு பல் நகர்ந்து நிற்கும்போதெல்லாம்
கதவுக் கண்ணாடியில்
எண்ணெய் தெறித்த என் முகம்
அதிர்ந்து அடங்கும்.

மூன்று வாசல் தள்ளித் தவமணியின் தொழிற்சாலை.
அங்கேயும் ஒரு டரெட்:
நுண்ணோக்கியின் கழுத்தில்
வில்லைகளைத் தாங்கிச் சுற்றும் சின்னக் கிண்ணம்.
ஐந்து மடங்கு, பத்து, இருபது, ஐம்பது.
ஐம்பதில் வைத்தால்
சில்லின்மேல் விழுந்த தூசி
கொடிமலை உயரம் நிற்குமாம்.
ரயிலே விடலாம் என்பாள்.

நான் வரும்போது அவள் கிளம்புவாள்.
லிஃப்டில் அவளோடு திரும்பவும் இறங்குவேன்.
பதினான்கு மாடி.
வாரநாள் தாம்பத்யம் அவ்வளவுதான்.
பிறகு தனியாக மேலே.

அவள் தம்பி லோகேந்திரன் ராணுவத்தில்.
போன மாதம் படம் அனுப்பினான்:
கவச வண்டியின் உச்சியில் ஒரு வட்டத் துளை,
துளையில் இடுப்புவரை அவன்,
பக்கத்தில் அவனைவிட நீளமான குழல்.
"டரெட்டுக்குள்ள ரொட்டி சானாய்க் கல்லுச் சூடு, அத்தான்.
முழுசாச் சுத்தலாம்.
எங்க திரும்பினாலும் செம்பனைதான்."
தவமணி அந்தப் படத்தை
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள்.
ஓர் அளவுக்குமேல்
முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

செவ்வாய் இரவு
நிரலில் யாரோ ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டார்கள்.
எந்திரம் ஏழை அழைத்தது.
எண்ணைச் சொல்கிறேன், என்னை அல்ல.
காலி இடம் வந்து நின்றது,
சுழலும் உலோகத்துக்கு எதிரே,
மிகுந்த பொறுப்போடு.
குளிர்நீர் பீய்ச்சியது. அச்சு முன்னும் பின்னும் போனது.
பதினொரு நிமிடம்
ஒன்றுமில்லாததை வைத்துக் கடைந்தது.
நிறுத்தியிருக்கலாம்.
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கை மலாயில் எழுத வேண்டும். எழுதினேன்.
தமிழில் என்னவாக இருக்கும் என்று
கழிப்பறையில் நின்று கைபேசியில் தேடினேன்.
சிறுகோபுரம்.
கோபுரம் என்றதும் குயின் தெரு மாரியம்மன் தலைக்குமேல்
நெருக்கியடித்து நிற்கும் வண்ணக் கூட்டம் வந்துவிட்டது.
இது அதில்லை.
கொத்தளம்.
அதற்கும் கீழே, ஞாயில்.
ஞாயிறு என்று படித்துவிட்டேன்.
எங்கள் இருவருக்கும்
மாதத்தில் ஒன்றுதான் ஒரே நாளில் விழும்.

அந்த ஞாயிறு, நார்தம் சாலை.
கடலுக்கு முதுகு காட்டி ஒரு பழைய மாளிகை,
மூலையில் உருண்டையாய் எழும்பித்
தொப்பி போட்ட டரெட்.
உள்ளே போக அனுமதியில்லை.
புல்வெளியில் ஒரு சீன மணப்பெண்
பாவாடையை இரு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள்.
திரும்பு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்
என்று படம் எடுப்பவன் கையால் காட்டினான்.

மேலே எல்லாச் சன்னலும் சாத்தியிருந்தன.
"சுடாது, கடையாது, பெரிசு பண்ணியும் காட்டாது.
இதுக்கு எதுக்கு அந்தப் பேரு?" என்றாள்.
இதற்குத்தான் முதலில் வைத்தது,
நாமெல்லாம் இரவல் வாங்கியவர்கள் என்றேன்.
சுத்துமா?
சுற்றாது.

லோகேந்திரன் அழைத்தான். வெயிலில் திரை தெரியவில்லை.
எடுப்பதற்குள் அறுந்தது.
திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

மதிலோரம் பொட்டலம் கட்டிய கோப்பி ஓவோடு உட்கார்ந்தோம்.
டரெட்டின் நிழல் எங்கள் இருவரையும் சரியாக மூடியது.
கொஞ்ச நேரத்தில் என் வலது முட்டியில் வெயில்.
நகர்ந்தோம்.
மறுபடி முட்டி. மறுபடி நகர்ந்தோம்,
ஒரு பல், இன்னொரு பல்.
கைபேசியைக் காதில் வைத்தபடியே
தவமணி நகர்ந்தாள்.